மலிவு .22 ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா பொருந்தும்? சோதித்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் எந்தச் சுடுதளத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "என் ரைஃபிளுக்கு இந்தத் தோட்டாதான் பிடிக்கும்." "அந்த பிராண்டா? வேண்டவே வேண்டாம், கண்ட இடத்துக்குப் போகும்." எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். அதில் ஐந்து ஓட்டைகள் இருக்கும். சில சமயம் மூன்றே மூன்று.

நானும் அப்படி ஒரு தாளைப் பர்ஸில் வைத்திருந்தேன். என்னுடையது கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த .22 (குழல் துளையின் அகலம் சுமார் 0.22 அங்குலம்) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அதாவது ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் போன்ற ஒரு பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை 50 கெஜத்தில் சுட்ட ஐந்து குண்டுகளின் ஓட்டைகளையும் ஒரு பத்து சென்ட் நாணயம் அப்படியே மூடியது. அந்த நாணயத்தின் குறுக்களவு 18 மி.மீ.தான். அன்று மாலையே அதே தோட்டாவில் 500 வாங்கினேன். ஐம்பது ஐம்பதாகப் பத்துப் பெட்டிகள் ஒரே கட்டாக வரும், அதைச் 'செங்கல்' என்றே அங்கே சொல்வார்கள். அடுத்த வாரம் பொறுமையாக உட்கார்ந்து சுட்டேன். எட்டு முறை ஐந்தைந்தாகச் சுட்டும் அந்த நாணயத்துக்குள் ஒன்றுகூட அடங்கவில்லை. ரைஃபிளில் கோளாறா, ஸ்கோப் (ரைஃபிளின் மேல் பொருத்திய, குறிபார்க்கும் தொலைநோக்கி) ஆடிவிட்டதா, தோட்டா மாறிவிட்டதா என்று ஒரு மாதம் அலைந்தேன். எதுவும் மாறவில்லை. முதல் தாளை நான் படித்த விதம்தான் தப்பு.

அதைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதைப் புதியவர்களுக்குப் புரியும்படி சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கணக்கு கொஞ்சம் வரும். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

விளிம்பில் நெருப்பு

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். தோட்டா என்பது ஒரு முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு, மருந்தைப் பற்றவைக்க ஒரு தீமூட்டி. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும்தான். பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம், இங்கே பிரித்தே சொல்கிறேன்.

தீமூட்டி என்பது தீப்பெட்டிக் குச்சியின் மருந்துத் தலை மாதிரி. உரசினால் குச்சி பற்றும், அடித்தால் இது பற்றும். பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணமாக இது தனியே பொருத்தப்பட்டிருக்கும். .22 தோட்டாவில் அப்படி இல்லை. கூட்டின் அடியில் சுற்றிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. வேட்டியின் ஓரத்தை மடித்துத் தைத்தது போல உள்ளே வெற்றிடம். தொழிற்சாலையில் தீமூட்டிப் பசையை ஈரமாகக் கூட்டுக்குள் வைத்துச் சுழற்றுவார்கள், அது போய் அந்த மடிப்புக்குள் சுற்றிலும் அப்பிக்கொள்ளும். ரைஃபிளின் சுத்தி முனை அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பிடிக்கிறது. விளிம்பில் தீப்பிடிப்பதால் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர்.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, நசுங்கிய விளிம்பை மறுபடி சரிசெய்து பயன்படுத்த முடியாது. பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சுட்ட கூட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், புதுத் தீமூட்டி பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, தங்கள் ரைஃபிளுக்கு ஏற்ற தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். .22 காரருக்கு அந்த வழியில்லை. பெட்டியில் இருப்பதுதான் கிடைக்கும். எந்தப் பெட்டி என்று தேர்ந்தெடுப்பது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

இரண்டாவது, மருந்தின் அளவு. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், நம் கணக்கில் 2.6 கிராம். அதைத் தள்ளும் மருந்து ஒரு சிட்டிகைகூட இருக்காது. அண்டா நிறைய சாம்பாரில் அரைக் கரண்டி உப்பு கூடினால் யாருக்கும் தெரியாது. ஒரு தம்ளர் மோரில் அதே உப்பு கூடினால் வாயில் வைக்க முடியாது. .22 தோட்டா அந்தத் தம்ளர் மோர். மருந்தில், தீமூட்டிப் பசையில் வரும் கடுகளவு வேறுபாடும் தாளில் தெரிந்துவிடும்.

என்.சி.சி.யில் இருந்தவர்கள் சுட்டுப் பார்த்தது .22 ரைஃபிளில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இந்த .22 லாங் ரைஃபிள் தோட்டாவில்தான்.

'பிடிக்கும்' என்றால் என்ன?

ரைஃபிளுக்கு மனசு கிடையாது. ஆனாலும் 'இதற்கு இந்தத் தோட்டா பிடிக்கும்' என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. 40 அளவு சட்டை என்று நாலு கம்பெனியில் வாங்கிப் பாருங்கள். ஒன்று தோளில் பிடிக்கும், ஒன்று வயிற்றில் தொங்கும். நாலிலும் 40 என்றுதான் அச்சடித்திருக்கும்.

தோட்டா போய் உட்காரும் குழலின் பின்பகுதிக்குச் சேம்பர் என்று பெயர். விலை குறைந்த ரைஃபிளில் இதைக் கொஞ்சம் தளர்வாகவே குடைவார்கள். எந்த பிராண்ட் தோட்டாவாக இருந்தாலும், கொஞ்சம் அழுக்கு சேர்ந்திருந்தாலும், சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்பதற்காக. அதனால் குண்டு ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் குழலின் நடுக்கோட்டில் உட்காரும் என்று சொல்ல முடியாது. போட்டி ரைஃபிளில் சேம்பர் இறுக்கமாக இருக்கும், தோட்டாவை அழுத்தித்தான் ஏற்ற வேண்டும்.

குழலுக்குள் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே போகும் பள்ளங்கள் உண்டு. இந்தப் பள்ளங்களுக்கு ரைஃப்ளிங் என்று பெயர். ரைஃபிள் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். .22-இல் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சுமார் 40 செ.மீ. ஈயக் குண்டு இந்தப் பள்ளத்தில் பதிந்து சுழன்றுகொண்டே வெளியே வரும். பம்பரம் சுழலும்வரை தலை சாயாமல் நிற்கிறதே, அதே காரணத்தால் குண்டும் தலை சாயாமல் போகிறது. ஆனால் பம்பரத்தின் ஆணி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? சுற்றும்போதே ஆட்டம் போடும். குண்டும் சாய்வாகப் பள்ளத்தில் ஏறினால், ஒரு பக்கம் சிராய்ப்பு பட்டால், அந்த ஆட்டத்தோடுதான் பறக்கும்.

அப்புறம் குழலே அதிரும். தெருவில் இரும்புக் குழாயைத் தரையில் தட்டினால் கை கூசுகிறதல்லவா, அதுபோல. குண்டு வெளியேறும் நொடியில் குழல் முனை எந்தப் பக்கம் அசைந்துகொண்டிருக்கிறது என்பதும் குண்டின் போக்கை மாற்றும். தோட்டாவின் வேகம் மாறினால் அந்த நொடியும் மாறும்.

சேம்பரின் தளர்வு, பள்ளங்களின் சீர், குழலின் அதிர்வு, குண்டின் பருமன், அதன் மேல் பூசிய மெழுகு, இத்தனையும் சேர்ந்து ஒத்துப்போவதைத்தான் 'பிடிக்கும்' என்கிறோம். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்களில்கூட இது வேறாக இருக்கலாம். அதனால் வேறொருவர் போட்டுவைத்த 'சிறந்த தோட்டாக்கள்' பட்டியல், எதை முதலில் வாங்கிப் பார்க்கலாம் என்று சொல்லும். உங்கள் ரைஃபிள் அதை எப்படிச் சுடும் என்று சொல்லாது.

லாட் என்று இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே மருந்துக் கலவை, ஒரே இயந்திரம், ஒரே ஓட்டத்தில் தயாரான தோட்டாக்களின் தொகுதிக்கு லாட் என்று பெயர். பெட்டியில் அதன் எண் அச்சாகியிருக்கும். ஒரே கடை, ஒரே பொன்னி அரிசி, ஆனாலும் இந்த மூட்டைக்குத் தண்ணீர் கூட வேண்டும், போன மூட்டை குழைந்துபோனது என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான் லாட். பெட்டியின் நிறமும் பெயரும் ஒன்றாக இருந்தாலும் லாட் எண் மாறினால் தாளில் முடிவும் மாறலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: .22 தோட்டாவை நாமே திருத்த முடியாது, பொருத்தமானதைத் தேட மட்டுமே முடியும். பொருத்தம் என்பது இந்த ஒரு ரைஃபிளுக்கும் இந்த ஒரு லாட்டுக்கும் இடையில் உள்ளது.

குறியில் படுவது வேறு, ஓரிடத்தில் விழுவது வேறு

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஐந்து குண்டும் கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் அது மோசமான தோட்டாவா? இல்லை. ஸ்கோப்பில் உள்ள திருகை வேண்டிய அளவு திருப்பினால் அத்தனையும் நடுவில் போய் விழும். ஐந்தும் வட்டத்தைச் சுற்றிச் சிதறி விழுந்தால் எந்தத் திருகும் உதவாது.

ஆகவே தோட்டாவைச் சோதிக்கும்போது நாம் பார்ப்பது நெருக்கத்தை மட்டும். குறி வைத்த இடத்தை மாற்றாமல் தொடர்ந்து சுட்டதில் விழுந்த ஓட்டைகளின் கூட்டத்துக்குக் குரூப் என்று பெயர். ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம்தான் குரூப்பின் அளவு. சோதனை நடக்கும்போது ஸ்கோப்பைத் தொடவே கூடாது. குரூப் எங்கே விழுந்தாலும் விழட்டும்.

'ஒரு எம்.ஓ.ஏ. ரைஃபிள்' என்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் மிகச் சிறிய கோணம் அது. 50 மீட்டர் தொலைவில் அந்தக் கோணம் 14.5 மி.மீ. அகலம் பிடிக்கும், 100 மீட்டரில் 29. தூரம் மாறினாலும் ஒப்பிட வசதியாக இருப்பதால் இதைப் பயன்படுத்துகிறார்கள். நான் மில்லிமீட்டரிலேயே சொல்கிறேன்.

வேகமும் மேல்கீழ் சிதறலும்

குழலை விட்டு வந்த கணமே குண்டு கீழே இறங்கத் தொடங்குகிறது. மெதுவாகப் போகும் குண்டுக்குப் போய்ச்சேர நேரம் கூட ஆகும், அதனால் கூடுதலாக இறங்கும். பெட்டியில் 'ஸ்டாண்டர்டு வெலாசிட்டி' என்று போட்டிருக்கும் தோட்டா நொடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதை 12 செ.மீ. போல இறக்கிவிடும். அதே பெட்டியில் இன்னொரு தோட்டா நொடிக்கு 15 மீட்டர் குறைவாகக் கிளம்பினால், கணக்குப்படி அது சுமார் 10 மி.மீ. கூடுதலாகக் கீழே விழும். ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ.தான். கையும் கண்ணும் சரியாக இருந்தும் வேக வித்தியாசம் ஒன்றே ஒரு சுடுதலைக் கெடுக்கப் போதும்.

விலை கூடின தோட்டாவில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்தச் சீர்மைக்குத்தான், வேகத்துக்கு அல்ல. 'ஹை வெலாசிட்டி' என்று போட்டதை வாங்கினால் நேராகப் போகும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, நூறு மீட்டருக்குள்ளேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைத் தாண்டும் இடத்தில் காற்றின் தடை மிக அதிகம், குண்டு வேகத்தைச் சட்டென்று இழக்கும். அப்படி இழப்பதால் பக்கக் காற்றும் அதை, மெதுவாகக் கிளம்பிய குண்டைவிடக் கூடுதலாகத் தள்ளும். போட்டிக்காரர்கள் ஒலிக்குக் கீழேயே கிளம்பும் தோட்டாவை விரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கல்யாண வீட்டில் ஐந்து பேர்

இப்போது அந்த நாணயத்துக்கு வருவோம். என் தாளில் இருந்த குரூப் பொய் இல்லை. பிறகு ஏன் அது திரும்ப வரவில்லை?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பேரைக் கைபிடித்து அழைத்து வந்து நிறுத்துகிறீர்கள். அவர்களில் மிக உயரமானவருக்கும் மிகக் குள்ளமானவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கிறீர்கள். ஒரு முறை ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே உயரமாக அமைந்துவிடலாம், நாலு விரல்கடைகூட வித்தியாசம் வராது. அடுத்த முறை நெடுநெடுவென்று ஒரு மாமாவும் இடுப்புயர ஒரு சிறுமியும் வந்து சேரலாம். மண்டபத்தில் உள்ள கூட்டம் அதேதான். நீங்கள் இழுத்த ஐந்து பேர்தான் மாறினார்கள்.

குரூப் அளவும் இதேதான். இரண்டு ஓரங்களில் உள்ள ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கிறோம், நடுவில் விழுந்த மூன்றும் கணக்கில் வருவதே இல்லை. மூன்று பேரை மட்டும் அழைத்தால் வித்தியாசம் குறைவாகவும், பத்துப் பேரை அழைத்தால் கூடுதலாகவும் வரும். மூன்று ஓட்டைக் குரூப் அழகாக இருப்பதற்கு இதுதான் காரணம், தோட்டா நல்லதாகிவிடவில்லை.

எண்ணில் சொல்கிறேன். ஒரு ரைஃபிளும் ஒரு தோட்டாவும் சேர்ந்து 50 மீட்டரில் சராசரியாக 20 மி.மீ. அளவுக்கு ஐந்து ஓட்டைக் குரூப் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சுடுபவர், காற்று எதுவும் மாறவில்லை. அப்போதும் மூன்றில் இரண்டு குரூப்கள்தான் ஏறக்குறைய 15-க்கும் 25-க்கும் இடையில் வரும். மீதி அதற்கு வெளியே விழும். பத்துக் குரூப் சுட்டால் அதில் மிகச் சிறியது 12 மி.மீ. பக்கமும் மிகப் பெரியது 28, 29 பக்கமும் இருப்பது வெகு சாதாரணம். அதே ரைஃபிள் மூன்று மூன்றாகச் சுட்டால் சராசரி 16-க்கு இறங்கும். பத்துப் பத்தாகச் சுட்டால் 25-க்கு ஏறும். ஒரே ரைஃபிளை ஒருவர் 12 என்றும் இன்னொருவர் 28 என்றும் சொல்லலாம், இருவரும் தாளைக் காட்டலாம், இருவரும் பொய் சொல்லவில்லை.

சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும் தாள் எப்போதும் அந்த 12-தான். 28-ஐ யார் பத்திரப்படுத்துவார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நாலு வகைத் தோட்டா வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குரூப் சுடுகிறீர்கள். நாலும் உண்மையில் சமமானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒன்று முதலிடம் வந்தே தீரும், ஒன்று கடைசியில் நின்றே தீரும். முதலில் வந்ததை 'பிடித்தது' என்றும் கடைசியில் வந்ததை 'குப்பை' என்றும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம். அடுத்த வாரம் வரிசை தலைகீழாகும். நான் ஒரு மாதம் அலைந்தது இதற்காகத்தான்.

சுருக்கமாக: ஒரு குரூப் என்பது ஒரு கைப்பிடி. சிறிய கைப்பிடியை வைத்து மூட்டையை மதிப்பிட வேண்டுமானால் பல கைப்பிடி எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சிறந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம்.

சுடுவதற்கு முன்னால்

மலிவு ரைஃபிளில் முதல் எதிரி தோட்டாவாக இருப்பது குறைவு. உலோகப் பாகத்தை, தோளில் சார்த்திப் பிடிக்கும் கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகள் தளர்ந்திருக்கும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் தளர்ந்திருக்கும். இவற்றை முதலில் இறுக்குங்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள், எங்கும் சிக்காமல் வர வேண்டும். பிளாஸ்டிக் கட்டை உள்ள ரைஃபிள்களில், முன்பக்கத்தை அழுத்திப் பிடித்தால் அது வளைந்து குழலில் முட்டும். அதனால் ரைஃபிளைத் தாங்கும் மணல் பையை எப்போதும் கட்டையின் அதே இடத்தின் கீழ், விசைக்குப் பக்கமாகவே, வைப்பது நல்லது. பின்பக்கத்துக்கும் ஒரு சிறிய பை வேண்டும். தோளால் தூக்கிப் பிடித்தபடி தோட்டாவைச் சோதிக்க முடியாது, அப்போது சோதனைக்கு உள்ளாவது நீங்கள்தான்.

ஸ்கோப்புக்குள் கண்ணை எப்போதும் நடுவில் வையுங்கள். கண்ணை லேசாக மேலும் கீழும் அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வது போலத் தெரிந்தால், ஒவ்வொரு முறை தலை வைக்கும் இடமும் குரூப்பைப் பெரிதாக்கும்.

காற்று பெரிய விஷயம். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் நேர் குறுக்கே அடிக்கும் காற்று, 50 மீட்டரில் ஸ்டாண்டர்டு தோட்டாவின் குண்டை இரண்டு செ.மீ.க்கு மேல் தள்ளிவிடும். அந்த வேகத்தில் மரக்கிளையின் நுனிதான் ஆடும், நமக்குப் பெரிய காற்றாகவே தோன்றாது. எனக்கு விடியற்காலைதான் சரிப்படுகிறது. இலக்குக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் நூல் கட்டி வைத்தால், அது தொங்கும்போது மட்டும் சுடலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சின்னத் தோட்டாதானே என்ற நினைப்பு வேண்டாம், இதன் குண்டு ஒரு கி.மீ.க்கு மேலும் போகும். பின்னால் மண்மேடு உள்ள முறையான தளத்தில் மட்டும் சுடுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருந்து அப்புறம் திறக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் கையில் ஒட்டியிருக்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி .22 ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும்.

ஒரு பெட்டியை எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொரு பிராண்டும் குண்டின் மேல் வேறு மெழுகு பூசுகிறது. சுடச் சுட அந்த மெழுகு குழலின் உள்சுவரில் படியும். தோட்டாவை மாற்றியதும் குழலில் பழைய மெழுகு, குண்டில் புது மெழுகு. சாம்பார் கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்டது போல, முதல் சில சுடுதல்கள் எதன் ருசியும் சொல்லாது. அதனால் புது வகைக்கு மாறியதும் பத்துத் தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் மண்மேட்டில் சுட்டுவிடுங்கள். வீணாகிறதே என்று தோன்றும். வீணில்லை, குழலைப் பழக்குகிறீர்கள்.

என் வழக்கம் இது. நாலு வகை, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. 50 தோட்டாவை இரண்டு நாளுக்கு 25, 25 எனப் பிரிப்பேன். ஒரு நாளில் பத்து பழக்குவதற்கு, பதினைந்து கணக்குக்கு, அதாவது மூன்று குரூப். இரண்டு நாளில் ஆறு குரூப் ஆகிவிடும். இரண்டாம் நாள் வரிசையைத் திருப்பிவிடுவேன். முதல் நாள் கடைசியாகச் சுட்ட வகையை அன்று முதலில் சுடுவேன். இல்லாவிட்டால் காலையில் காற்றில்லாமல் சுட்டதும் மதியம் களைப்போடு சுட்டதும் ஒரே தராசில் ஏறிவிடும்.

சுடும்போது ஒரு விதியை விடாமல் கடைப்பிடியுங்கள். விசை இழுக்கும்போதே கை அசைந்தது தெரிந்தால், தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே 'இது என் தப்பு' என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தக் குரூப்பையே விட்டுவிடுங்கள். தாளைப் பார்த்த பிறகு, தள்ளி விழுந்த ஓட்டையைக் காட்டி 'அது நான் அசைத்தது' என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு ஓட்டைதான் தோட்டாவின் குறையாக இருக்கும், அதைத்தான் தேடி வந்திருக்கிறோம்.

அளப்பதற்கு ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். கோடியில் இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, ஓர் ஓட்டையின் அகலத்தைக் கழித்தால் நடுவிலிருந்து நடு கிடைக்கும். கழிப்பதற்குக் குண்டின் அகலமான 5.7 மி.மீ.யை அப்படியே எடுக்காதீர்கள். தாள் கிழிந்து மறுபடி கொஞ்சம் மூடிக்கொள்ளும், ஓட்டை குண்டைவிடச் சிறிதாகவே தெரியும். தனியாக விழுந்த ஓர் ஓட்டையை அளந்து அந்த எண்ணைக் கழியுங்கள்.

பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. குரூப்பின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வோர் ஓட்டையும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து, சராசரி எடுக்கலாம். இதற்குச் சராசரி ஆரம் என்று பெயர். ஓரத்து இரண்டு ஓட்டைகள் மட்டுமல்லாமல் ஐந்துமே பேசுவதால், அதே தோட்டாச் செலவில் கொஞ்சம் நம்பகமான விடை கிடைக்கும். தாளைப் படமெடுத்துக் கொடுத்தால் இதைக் கணக்கிட்டுத் தரும் செயலிகளும் இருக்கின்றன.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஓர் உதாரணத்துக்கு, ஆறு ஆறு குரூப்களின் சராசரி இப்படி வந்தது என்று வையுங்கள்: முதல் வகை 19 மி.மீ., இரண்டாவது 21, மூன்றாவது 22, நாலாவது 33. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். நாலாவது வகை இந்த ரைஃபிளுக்கு ஆகாது. முதல் மூன்றில் எது மேல் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. ஆறு குரூப் சுடும்போது, 20 மி.மீ. சராசரியில் 6 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் வந்திருக்கலாம். 19 பெரிதா 21 பெரிதா என்று அடித்துக்கொள்வதில் பயனில்லை.

முதல் சுற்று வடிகட்டி மாதிரி. கப்பியைப் பிரித்துவிடும், அவ்வளவுதான். தேறியவற்றில் இரண்டை எடுத்து, அதே லாட் எண்ணில் இன்னும் இரண்டு மூன்று பெட்டி வாங்கி மறுபடி இதேபோல் சுட வேண்டும். குரூப்களின் எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால் சந்தேகம் பாதியாகக் குறையும். அதனால் மிகச் சிறிய வித்தியாசத்தைத் துரத்தினால் தோட்டாச் செலவு ஏறிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. தகர டப்பாவைச் சுட்டு விளையாடுபவருக்கு முதல் சுற்றே போதும்.

உச்சத்தில் இருப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், கருவி மட்டும் வேறு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கும் ஈலி, ஜெர்மனியில் ஷோனபெக்கில் ரிம்ஃபயர் தோட்டா தயாரிக்கும் லாபுவா, இரண்டு நிறுவனங்களிலும் சோதனைத் தளங்கள் இருக்கின்றன. போட்டியாளர்கள் தங்கள் ரைஃபிளை அங்கே கொண்டுபோய், ஆடாத பிடிப்பில் பொருத்தி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். மனிதக் கையே இல்லாததால் தாளில் தெரிவது குழலும் தோட்டாவும் மட்டும்தான். பொருந்திய லாட்டை அங்கேயே மொத்தமாக வாங்கிவிடுவார்கள். ஒரே தொழிற்சாலையின் மிக உயர்ந்த தோட்டாவிலேயே அவர்கள் லாட் பார்த்துப் பொறுக்கும்போது, கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டியில் நாம் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

எனக்கு வந்த முடிவையும் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் ஒரு போட்டித் தோட்டாவும், அதில் பாதி விலைகூட இல்லாத ஒரு ஸ்டாண்டர்டு தோட்டாவும் மிஞ்சின. என் மலிவு ரைஃபிளில் இரண்டுக்கும் நடுவே நான் காட்டக்கூடிய வித்தியாசம் எதுவும் இல்லை. நல்ல குழலில் வித்தியாசம் தெரிந்திருக்கும், என் குழல் அதைக் காட்டும் அளவுக்கு நுட்பமானதில்லை. விலை குறைந்ததையே எடுத்தேன். கடைக்குப் போய் அடுக்கிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, எனக்கு வேண்டிய லாட் எண் இருந்த பதினோரு பெட்டிகளையும் பொறுக்கி வாங்கிவந்தேன். மூடியின் உள்பக்கம் தேதியையும் சராசரியையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பழைய தாளும் அந்தப் பெட்டிகளோடுதான் இருக்கிறது, பக்கத்திலேயே மற்ற எட்டுக் குரூப்களின் தாள்களும்.